பஞ்சும் நெருப்பும்

கேள்வி: இமாம் கஸ்ஸாலியின் சிந்தனையைக் குவாண்டம் இயற்பியலுக்கு முன்னோடி எனலாமா?

பதில்: முன்னோடி என்பது மிகை, ஆயினும் ஒப்புமை வியப்புக்குரியதே. ‘கலாம்’ எனப்படும் இஸ்லாமிய இறையியலில் அஷ்அரி மரபினர், பொருள்கள் பிரிக்கவியலாத நுண்கூறுகளால் ஆனவை என்றும், அவற்றின் பண்புகள் இரு கணம் நீடிக்காமல் இறைவனால் கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படுகின்றன என்றும் கருதினர். இம்மரபில் வந்த கஸ்ஸாலி (1058–1111), நெருப்புப் பட்ட பஞ்சு கருகுகையில் கண்ணுக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்து நிகழ்வது மட்டுமே, நெருப்புதான் எரித்தது என்பதற்கு அது சான்றாகாது என வாதிட்டார். ரேடியம்-226 அணுக்களில் பாதி சுமார் 1600 ஆண்டுகளில் சிதையும் எனக் கணிக்கும் குவாண்டம் இயற்பியலும், குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்பதைச் சொல்வதில்லை. எனினும் அங்கு ஆள்வது கண்டிப்பான நிகழ்தகவு விதி, கஸ்ஸாலியிடமோ இறைவிருப்பம்.