ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள்

குடும்பத்தோடு காரில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடாதீர்கள்; ஓர் ஆற்றைத் தேர்ந்தெடுத்து அதன் போக்கிலேயே போங்கள். ஏரி, அருவி, காட்டு விலங்கு மூன்றும் அந்தத் தண்ணீரை ஒட்டியே வந்துவிடும். இடங்கள் குறையும், ஒவ்வோர் இடத்திலும் நிற்க நேரம் கிடைக்கும். பிள்ளைகளுக்கும் வழிநெடுக யோசிக்க ஒரு கேள்வி இருக்கும்.

நாங்கள் அப்படிப் போனது பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழி. கணவர், அத்தை, பள்ளியில் படிக்கும் மகள், மகன், நான். நானும் கணவரும் மாற்றி மாற்றி வண்டி ஓட்டினோம். மழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும் மார்கழி, தை மாதங்கள் இந்தச் சாலைக்கு நல்ல காலம். தென்மேற்குப் பருவமழையின்போது அருவி இன்னும் பெரிதாக விழும். ஆனால் மண்சரிவும் அட்டைக்கடியும் உண்டு. வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் போக வேண்டாம்.

ஏரியில் தொடங்குங்கள்

ஆழியாறு அணையின் மேல் நின்றதும் மகன் கேட்டான்: "இவ்வளவு தண்ணி எங்கிருந்தும்மா வருது?" மொத்தப் பயணத்துக்கும் அந்தக் கேள்விதான் வழிகாட்டியது.

ஆழியாற்றின் சொந்தத் தண்ணீர் மட்டும் அங்கே தேங்குவதில்லை. ஆனைமலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை, இயல்பாக விட்டால், பெரும்பாலும் சாலக்குடி ஆறாகி அரபிக்கடலுக்குப் போகும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் அதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்புகிறது. நீராற்றில் தடுத்த நீர் சுரங்கம் வழியாக மேல் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், பிறகு தூணக்கடவு, அடுத்து சர்க்கார்பதி மின்நிலையம். மின்சாரம் எடுத்த பிறகு கால்வாயில் ஓடி ஆழியாற்றையும் திருமூர்த்தி அணையையும் சேர்கிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் வேரில் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை! திருப்பாமல் விட்ட மீதித் தண்ணீர் மேற்கே போய் அதிரப்பள்ளியில் அருவியாக விழுகிறது.

மகள் இதை ஒரு நோட்டில் படமாக வரைந்துகொண்டாள். வழியில் ஓர் அணையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பின் இருக்கையில் செல்போன் கேட்கும் குரலே எழவில்லை. கிளம்புவதற்கு முன் நீங்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படி ஒரு படம் போட்டுப் பாருங்கள். அவர்கள் பயணத்தில் பங்காளிகளாகிவிடுவார்கள்.

ஊட்டி, கொடைக்கானலைப் போல வால்பாறைக்கும் இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டது. வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். ஆழியாறு சோதனைச்சாவடிக்குக் காலையிலேயே வந்துவிட்டால் நெரிசல் இல்லை. சாவடி தாண்டியதும் குரங்கு அருவி. வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், அதனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நாற்பது வளைவுகள்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. எங்கள் வீட்டு ஒழுங்கு இது: காலையில் இட்லி மட்டும், எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. வண்டி ஓடும்போது யாரும் புத்தகமோ திரையோ பார்ப்பதில்லை. தலைசுற்றல் உள்ளவருக்கு முன் இருக்கை. அத்தை வழிநெடுகச் சுக்குத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டார், வாந்தி வரவில்லை.

ஓட்டுகிறவருக்கு இரண்டு செய்திகள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி; இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனை. எல்லோரும் கீழே தெரியும் ஆழியாறு நீர்த்தேக்கத்தைப் படம் எடுப்பார்கள். முதுகுப் பக்கம் இருக்கும் பாறைச் சரிவையும் பாருங்கள். வரையாடு அங்கேதான் வரும். நாங்கள் நின்றபோது ஒரு தாய் வரையாடு செங்குத்துப் பாறையில் விரல் அகல விளிம்பில் குளம்பை ஊன்றிப் புல் கடித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே குட்டி. தாய் கால் வைத்த அதே இடத்தைத் தேடித் தேடித்தான் குட்டியும் கால் வைத்தது. மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைக் காக்க அரசு 2023இல் தனித் திட்டமே தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் இருந்தவை 1,031 மட்டுமே. சாலையோரம் வருகிற ஆட்டுக்குச் சிப்ஸ் நீட்டுகிற கை, எண்ணிக்கையில் இவ்வளவு சுருங்கிப்போன ஓர் உயிரை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கூப்பிடுகிறது. இதைப் பிள்ளைகளிடம் மலை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காத்திருந்தால் வரும்

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் ஒரு துண்டுக் காடு. சிங்கவால் குரங்குக் கூட்டம் அங்கே வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். இயல்பில் மரத்தை விட்டு அரிதாகவே இறங்கும் விலங்கு. காடு துண்டானதால் சாலையைத் தரைவழியாகக் கடக்க வேண்டிய நிலை. அதற்காக மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே பட்டையால் பாலம் கட்டியிருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இந்த மலையில் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்துவருகிறார்கள்.

வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருந்தோம். முதலில் பலா மரத்தில் கிளை அசைந்தது. பிறகு கரிய முகமும் அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியுமாக ஒன்று வெளியே வந்தது. பாலத்தின் முனையில் உட்கார்ந்து, கீழே போகிற வண்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு நடந்தது. அடுத்தடுத்து மற்றவை. ஒன்றின் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

அவசரமாகக் கடந்திருந்தால் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. வழக்கமான பட்டியலில் பாதியை அடித்துவிட்டதால்தான் இப்படி நிற்க எங்களுக்கு நேரம் இருந்தது.

இருட்டுவதற்குள் அறைக்கு

வால்பாறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே சுற்றாதீர்கள். தேயிலைச் செடிகளுக்கிடையே சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர் இது. குழந்தைகளை விடுதி வாசலில்கூடத் தனியாக விளையாட விடக்கூடாது. காட்டு மாடுகள் தோட்டத்துக்குள் மேயும். சாதுவாகத் தெரிந்தாலும் நெருங்காதீர்கள்.

யானை நடமாடும் பகுதிகளில் சாலையோரம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். யானை அருகில் இருக்கிறது என்று அந்தப் பகுதி மக்களுக்கு எச்சரிக்கை. குறுஞ்செய்தியும் அனுப்புகிறார்கள். இந்த முன்னெச்சரிக்கை முறைக்காக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமார் 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். இரவில் வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளர்களின் உயிர் காக்கும் விளக்கு அது. அதைப் பார்த்ததும் திரும்பி விடுவதுதான் முறை.

ஐம்பது கிலோமீட்டர் காடு

வால்பாறையிலிருந்து சோலையாறு அணையைக் கடந்தால் மாநில எல்லையில் மளுக்கப்பாறை. அங்கிருந்து வாழச்சால் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அடர்காடு. சோதனைச்சாவடியில் வண்டி நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் அடுத்த முனையில் வெளியேற வேண்டும். மாலைக்குப் பிறகு உள்ளே விடுவதில்லை. அதனால் காலையிலேயே நுழைந்துவிடுங்கள். பெட்ரோலை வால்பாறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் செல்போன் சிக்னல் கிடைக்காது, தேவையான வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தண்ணீருக்குச் சில்வர் பாட்டில், சாப்பாட்டுக்குத் தூக்குவாளி; பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம்.

வழியில் யானை நின்றால் என்ன செய்வது? தமிழகப் பக்கத்து வனக்காவலர் ஒருவர் அத்தையிடம் சொன்னது மனதில் நிற்கிறது: "ஹாரன் அடிக்காதீங்கம்மா, இறங்கவும் இறங்காதீங்க. தள்ளி நிறுத்திக்குங்க. அதுக்கு வேலை முடிஞ்சா அதுவே போயிரும்."

இந்தக் காட்டின் பெருமை இருவாச்சி. கேரளத்தில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிகளும் இங்கே உண்டு. பெரிய இருவாச்சி பறந்து வந்தால் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். முறத்தை வேகமாக வீசுவது போன்ற இறக்கை ஓசை. அடைகாக்கும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டும். அந்த ஆண் செத்தால் உள்ளே இருக்கிற குடும்பத்தின் கதி என்ன ஆகும்? இதைக் கேட்ட மகள் அதற்கப்புறம் வெகுநேரம் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

அருவியில் அடங்கி இருங்கள்

வாழச்சாலில் ஆறு பாறைமேல் நுரைத்துச் சரிகிறது. சில கிலோமீட்டர் கீழே அதிரப்பள்ளியில் ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து விழுகிறது. சினிமாவில் பார்த்த அருவி என்று பிள்ளைகள் குதிப்பார்கள். மேலே பொரிங்கல்குத்து அணையில் மின் உற்பத்திக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறார்களோ அதைப் பொறுத்து அருவியின் கனம் மாறும். அதே காரணத்தால், வெயில் அடிக்கும் நாளிலும் ஆற்றில் நீர் சட்டென்று ஏறலாம். அனுமதி இல்லாத இடத்தில் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். வால்பாறைப் பக்கத்து ஆறுகளுக்கும் இதே விதி. அமைதியாகத் தெரியும் மடுவில் உயிர்ப்பலிகள் நடந்திருக்கின்றன. அடிவாரத்துக்கு இறங்கும் பாதை செங்குத்து. முட்டிவலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்க்கலாம். அத்தை அப்படித்தான் பார்த்தார், குறை ஒன்றுமில்லை என்றார்.

இந்த முறை வேறு வழிகளுக்கும் பொருந்தும். பைக்காரா ஆற்றைப் பிடித்தால் அருவி, ஏரி, பிறகு அதே ஆறு மாயாறாகிப் போகும் முதுமலைக் காடு. தாமிரபரணியைப் பிடித்தால் காரையாறு அணை, அகத்தியர் அருவி, முண்டந்துறைக் காடு. வரும் விடுமுறைக்கு வரைபடத்தை விரித்து, பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையில் பிறக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் பயண வழி.