கீரை தழைத்தால் மண் சுத்தமா?

கோலார் தங்கவயலுக்கு எப்போது போனாலும் யாராவது ஒருவர் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் என்னைக் கூட்டிப்போகிறார். "பாருங்க சார், செடி முளைச்சிருச்சு. மைன்ஸ் மூடி எத்தனை வருசம்! மழையில விஷமெல்லாம் போயிருச்சு." மண் ஆய்விலேயே தலை நரைத்தவன் நான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சயனைடு பெரும்பாலும் போயிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வெயில் பட்டால் அது சிதையும். பாறையோடு அரைபட்டு வந்த உலோகங்கள் எங்கே சிதைவது? ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் தனிமங்கள். மழை அவற்றைப் பக்கத்து ஏரிக்கு இடம் மாற்றும், அவ்வளவுதான். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது விட்டுப்போன கழிவு மூன்று கோடி டன்னுக்கு மேல்; முகப்பவுடர் போல நைசான துகள். மேட்டின் அடிவாரத்துத் தொழிலாளர் லைன் வீடொன்றில் துளசி இலையை விரலால் தேய்த்தேன். விரலில் சாம்பல் கோடு.

செடி தழைத்தால் மண் சுத்தம் என்று எந்தச் செடி வந்து சொன்னது? ஜப்பானில் காமியோக்கா சுரங்கத்துக் காட்மியம் ஜின்ஸு ஆற்றில் இறங்கி, தொயாமா வயல்களில் பாய்ந்தது. நெல் விளையத்தான் செய்தது. அந்தச் சோற்றைத் தின்றவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, எலும்பு மெலிந்து ஒடிந்தது. நோயின் பெயரே 'இத்தாய் இத்தாய்', அதாவது 'வலிக்குதே வலிக்குதே'. காட்மியம்தான் காரணம் என்று 1968-ல் அரசு ஒப்புக்கொண்டது. வயல் மண்ணை மாற்றும் வேலை 1979-ல் தொடங்கி 2012 வரை இழுத்தது. நெற்பயிரை வாட்ட நிறையக் காட்மியம் வேண்டும்; நம் சிறுநீரகத்தைக் கெடுக்க அதில் கொஞ்சம் போதும். ஆர்சனிக்கை உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டே செழிக்கும் பெரணிகூட உண்டு.

கீரையை நன்றாகக் கழுவினால் போதுமாம். மேலே ஒட்டிய தூசி போகும், வேர் வழியே ஏறியது போகாது. தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமாம். தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத்தில் உலோகம் இன்னும் செறியும். கடுகு விதைத்து இரண்டே போகத்தில் மண்ணைச் சுத்தம் செய்வதாகச் சொல்பவரிடம், உலோகத்தை உறிஞ்சிய செடியை அறுத்து எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். ஆட்டுக்கா?

என் பழைய புலம்பல் ஒன்று: அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள். துத்தநாகம், தாமிரம்கூட உண்டு, பயிருக்குப் போதுமா என்று பார்க்க. ஈயமோ காட்மியமோ ஆர்சனிக்கோ கிடையாது. சுரங்கப் பகுதிகளுக்காவது இந்த மூன்றைச் சேருங்கள் என்று போகிற கூட்டத்திலெல்லாம் கத்துகிறேன். அதுவரை கீரைப் பாத்தி வேண்டாம்; வெளியூர் மண்ணைத் தொட்டியில் கொட்டி வளருங்கள்.

"அப்ப முருங்கைக்கீரை, சார்?" என்றார் துளசி வீட்டம்மா. தொட்டியில் முருங்கை வளர்க்கச் சொல்ல முடியுமா? ஒரு பையில் அவர் வீட்டு மண்ணை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.