மழைக்கு முன்னே வண்டியைத் தயார் செய்வோம்



இந்த மாதப் பாடம் நம்ம வண்டியைப் பற்றியது. பூ, பால், மீன், தையல் துணி என்று எந்தத் தொழில் செய்தாலும் இன்று பல உறுப்பினர்களுக்கு ஸ்கூட்டரோ எக்ஸ்.எல். வண்டியோதான் கை கால். குழுக் கடனில் வாங்கியவர்கள் உண்டு. 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் பெற்று வாங்கியவர்களும் உண்டு. வண்டி நின்றால் வருமானம் நிற்கும். ஆனால் கடன் தவணை நிற்காது.

நம்ம பகுதி மழை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்தது. 2021-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மறுபடி தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகும் ஏரிக்கரைப் பாதையிலும் மண் ரோட்டிலும் பல நாள் சேறுதான்.

நம்ம வண்டி ஏன் சேற்றில் திணறுகிறது?

சேற்றில் ஓடவே தயாரித்த நாலு சக்கர வண்டிகள் உண்டு. ஏ.டி.வி. என்பார்கள். அதற்கு அகலமான டயர், ஆழமான பட்டன். இன்ஜினுக்குக் காற்று போகும் வழி உயரத்தில் இருக்கும். நம்ம ஸ்கூட்டரில் பின்சக்கரம் பெரும்பாலும் 10 அங்குலம்தான். பள்ளத்தில் சட்டென்று இறங்கிவிடும். எக்ஸ்.எல். வண்டிக்கு 16 அங்குலச் சக்கரம் என்பதால் கொஞ்சம் தேவலை. இரண்டிலும் சைலென்சர் தாழ்வாகத்தான் இருக்கிறது. அதனால் நாம்தான் முன்கூட்டித் தயார் செய்ய வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் பார்க்க வேண்டியவை

1. டயர்: பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். "இந்த மழை போகட்டும்" என்று தள்ளிப் போடாதீங்க. காற்றைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்க.

2. பிரேக்: தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றி, கேபிளுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்க.

3. ஏர் ஃபில்டர்: காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அழுக்காகவோ நனைந்தோ இருந்தால் புதுசு போடுங்க. மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

4. பிளக் மூடி, பேட்டரி ஒயர்: பிளக்கின் ரப்பர் மூடி வெடித்திருந்தால் மழையில் வண்டி நின்று நின்று போகும். இது சின்னச் செலவுதான்.

5. செயின்: எக்ஸ்.எல். வைத்திருப்பவர்கள் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, தொய்வைச் சரி செய்யணும். ஸ்கூட்டர் என்றால் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

சேற்றில் ஓட்டும்போது

ஹெல்மெட் போடுங்க. முந்தானையை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்க. சுமையைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்க. ஒரே சீரான மெதுவான வேகம் வேண்டும். சேற்றுக்குள் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி வழுக்கிவிடும். களிமண் மட்கார்டில் அடைத்தால் சக்கரம் சுற்றாது. நிறுத்தி, குச்சியால் குத்தி எடுத்துவிட்டுப் போங்க.

தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் நடு அச்சு முழுகும் என்று தெரிந்தால் இறங்கவே வேண்டாம். தரை தெரியாத இடத்தில் மழைநீர்க் கால்வாய் திறந்து கிடக்கலாம். தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை நாலைந்து தடவை லேசாகப் பிடித்து விடுங்க. ஈரம் காய்ந்து பிரேக் பிடிக்கும்.

வண்டி முழுகிவிட்டால்

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. செல்ஃபும் வேண்டாம், கிக்கரும் வேண்டாம். இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மோதி உள்ளே இருக்கும் கம்பியே வளைந்துவிடும். கொஞ்சம் செலவில் முடியும் வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்க. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றியே ஆக வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கா, என்ன இன்சூரன்ஸ்?

2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். "5 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அது நம்ம வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான். வெள்ளத்தில் நம்ம வண்டி கெட்டால் அதில் ஒரு ரூபாய் கூட வராது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பீடு தனியாக வேண்டும். பலருக்கு அது முதல் வருஷத்தோடு முடிந்துபோயிருக்கும். 2018, 2019-ல் வாங்கியவர்களுக்கு அந்த 5 ஆண்டுமே முடிந்துவிட்டது. இன்றே தாளை எடுத்துத் தேதியைப் பாருங்க.

வண்டி முழுகினால் முதலில் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்க. முழுகிய வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் கெட்டால் பணம் தர மறுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்க.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம்ம குழுவில் எத்தனை பேரிடம் வண்டி இருக்கு? எத்தனை வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பீடு இருக்கு?

2. எல்லா வண்டிகளையும் ஒரே நாளில் சர்வீஸ் செய்ய ஒரு மெக்கானிக்கை அழைத்து, மொத்தமாகக் கூலி பேசலாமா?

3. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் வண்டிகளை எந்த மேட்டில் கொண்டுபோய் விடலாம்? யாரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது?

4. டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் சங்க நிதியிலிருந்து சிறு கடன் தரலாமா?

எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் குறியுங்கள். வெள்ளம் வரும் முன் அணை போடுவோம்.