புது வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

நம் வியாபாரிகளில் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருந்தவர்கள் முன்பெல்லாம் மிகக் குறைவு. மண்டியிலிருந்து கடைக்கு மூட்டை வருவது மாட்டு வண்டியிலோ, மீன்பாடி வண்டியிலோ, வாடகை டெம்போவிலோதான். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு இந்த நிலை மாறியது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இஞ்சின், 16 குதிரைசக்தி, முக்கால் டன் பாரம். மக்களே அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இன்று ஓரளவு பெரிய மளிகைக் கடை என்றால் வாசலில் ஒரு வண்டி நிற்கிறது.

வண்டி வாங்குவதில் காட்டும் அக்கறையை வாங்கிய பிறகு நம்மவர்கள் காட்டுவதில்லை என்பதுதான் நம் வருத்தம். கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிய கையோடு நேரே மண்டிக்கு விட்டு 40 சிப்பம் அரிசி ஏற்றுகிறோம். 25 கிலோ சிப்பம் நாற்பது என்றால் ஒரு டன். வண்டியின் அளவோ 750 கிலோ. ஐந்து வருடம் தவணை கட்ட வேண்டிய வண்டியின் இஞ்சின் மூன்றாம் வருடமே புகை கக்கினால், தவணை ஒரு பக்கம், இஞ்சின் வேலைச் செலவு ஒரு பக்கம், வாடகை வண்டிக்குக் கொடுப்பது இன்னொரு பக்கம் என்று மூன்று செலவையும் ஒரே கல்லா தாங்க வேண்டியிருக்கும்.

புது இஞ்சினுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொழிற்சாலையிலேயே அதில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கொத்திய அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் இந்தச் சுவரில் உரசி, இரு பக்கமும் உள்ள நுண்ணிய மேடுகள் தேய்ந்து, ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தினால்தான் எரியும் வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது. இந்தப் பொருத்தம் ஏற்படும் காலத்தைத்தான் 'ரன்னிங் இன்' என்கிறோம்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுகிறது. பாரமே இல்லாமல், ஆக்சிலேட்டரை மிதிக்காமல், மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் இந்த அழுத்தம் போதாது. ரிங் பொருந்துவதற்கு முன்பே ஆயில் கருகிச் சுவரில் பளபளப்பான படலம் படிந்துவிடும். கொத்தாத அம்மியில் மிளகாய் அரைபடாமல் வழுக்குகிறதே, அதே கதைதான். பிறகு அந்த இஞ்சின் ஆயுள் முழுவதும் ஆயில் குடிக்கும். எனவே 'முதல் ஆயிரத்துக்கு நாற்பதைத் தாண்டவே கூடாது' என்று அம்பாசடர் காலத்து டிரைவர்கள் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைய இஞ்சின்கள் நுட்பமாகக் கடையப்பட்டு வருகின்றன. அதற்காக முதல் நாளே முழு பாரத்துடன் ஏற்காடு மலையில் ஏற்றுவதும் சரியாகாது. புது உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி, உரசும் இடங்களில் கீறல் விழும்.

நடுவழி என்ன? வண்டியோடு வரும் கையேட்டில் எத்தனை கி.மீ. என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 1,000 கி.மீ. அளவில் இருக்கும், சில வண்டிகளுக்குக் கூடுதல். அதுவரை பாதி முதல் முக்கால் பாரம் ஏற்றலாம். குட்டி யானைக்கு 15 முதல் 22 சிப்பம். வேகத்தை ஒரே சீராக வைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நாற்கரச் சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போவதைவிட, ஊர்களுக்குள் கியர் மாற்றி மாற்றிப் போகும் லைன் வண்டி ஓட்டமே புது இஞ்சினுக்கு நல்லது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்பது கூடாது. இஞ்சினை உறும விடுவது மட்டுமே கெடுதல் என்று நினைக்கக் கூடாது, திணற விடுவதும் கெடுதல்தான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்றாம் கியரில் போக வேண்டிய மேட்டில் நான்காம் கியரை விடாமல் பிடித்துக்கொள்ளும் டிரைவர்கள் உண்டு. பேரிங்குகளுக்கு அது பெரிய அடி. பிரேக் லைனிங்கும் பொருந்த வேண்டும் என்பதால் முதல் சில நூறு கி.மீ. வரை முன் வண்டியை ஒட்டிப் போகாமல் இருப்பது நலம்.

முதல் இலவச சர்வீஸை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது. தீபாவளி வியாபாரமாக இருந்தாலும் சரி. ரிங்கும் பேரிங்கும் தேய்ந்த நுண்ணிய உலோகத் தூள் இந்த முதல் ஓட்டத்தில்தான் ஆயிலில் அதிகம் சேரும். சர்வீஸ் தவறினால் வாரண்டி பற்றிய பேச்சிலும் நம் கை தாழ்ந்துவிடும்.

இனி, நீண்ட நாள் உழைப்பு பற்றி. காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறும விட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவது பல டிரைவர்களின் பழக்கம். இதனால் இஞ்சினுக்கு நன்மை இல்லை. நின்ற இடத்தில் டீசல் இஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும், சரியாக எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். அரை நிமிடம் ஓடவிட்டு, முதல் சில கி.மீ. மெதுவாக ஓட்டினால் போதும். டர்போ உள்ள வண்டிக்கு மட்டும் இன்னொரு விதி. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, அதைத் தாங்குவது ஆயில் படலம்தான். பாரத்தோடு வேகமாக வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் அங்கேயே கருகும். ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மூட்டை இறக்க ஆள் வருவதற்குள் அந்த ஒரு நிமிடம் ஆகிவிடும்!

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பலவற்றுக்குப் புகைபோக்கியில் கரித் தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நல்ல சூடும் கொஞ்ச நேரத் தொடர் ஓட்டமும் தேவை. நம் வண்டிகளோ மண்டிக்கும் கடைக்கும் நடுவே இரண்டு கி.மீ. ஓடி நிற்பவை. கரி எரியும் முன்பே நிறுத்தி நிறுத்தி எடுத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புதிதாக மாற்றினால் செலவு சாமானியமல்ல. விளக்கு எரிந்தால் டிரைவர் அதை உடனே நம்மிடம் சொல்ல வேண்டும். புறவழிச் சாலையில் கையேடு சொல்லும்படி சிறிது தூரம் ஓட்டிவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கரியை எரிக்கும்போது சில இஞ்சின்களில் டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். ஆகவே ஆயில் அளவு குறைவதைப் பார்த்தே பழகிய நாம், கூடுவதையும் இனிக் கவனிக்க வேண்டும். ஆயில் ஏறியிருந்தால் அது நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். இவ்வகை வண்டிக்குக் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ரக ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கி வைத்த ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றக் கூடாது.

தூசியும் ஒரு பெரிய எதிரி. ஏர் பில்டரில் சின்னக் கிழிசல் இருந்தால்கூட மணல் தூசி உள்ளே போய்ச் சிலிண்டரை உப்புத்தாள் போல் தேய்க்கும். நெல், மிளகாய், பருப்பு மண்டிகளில் நிற்கும் வண்டிகளுக்குக் கையேட்டில் 'கடின உபயோகம்' என்ற தனி அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். கெட்டிலில் உப்பு படிவது போல உள்ளேயும் படியும். வெப்பமுள் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் லாபம். 'கடை பக்கத்தில்தானே' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

கள்ள ஆயில் பற்றி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலப்படச் சரக்கை முகர்ந்தே கண்டுபிடிப்பவர்கள் நாம். ஆனால் ஆயில் டப்பாவை வாசனை பார்த்து எடுத்துவிட முடியாது. பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்கி, காலி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு எடைக்குப் போடுங்கள்.

பாரத்துக்கு மறுபடி வருகிறோம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் பல நடைகளின் லாபத்தை இழக்கும் கணக்கு இது.

சாவியை வைத்திருப்பவர் டிரைவர் என்பதால், மேலே சொன்னவற்றில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. வேகமாக வந்து சேர்ந்தால் பாராட்டும் முதலாளியிடம் வேலை செய்யும் டிரைவர் இஞ்சினைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். நம்மிடம் நாள் சிட்டை எழுதும் பழக்கம் இருக்கிறது. வண்டிக்கும் ஒன்று போடுங்கள்: தேதி, கி.மீ., ஊற்றிய டீசல், ஆயில் அளவு. ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால், லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்து வந்த வண்டி 15-க்கு இறங்கும்போது கையோடு தெரிந்துவிடும். ஆயிலை வாரம் ஒருமுறை, சமதரையில், இஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, டிரைவரை வைத்துக்கொண்டு நாமே குச்சியை உருவிப் பார்ப்பது நல்லது. வார விடுமுறைக்கு முந்தின இரவு, கல்லா கட்டிய பிறகு, அதற்கு வசதியான நேரம்.