ஒரு செம்பருத்தி போதும்

என் 6 வயது மகளுக்குப் பூவின் பாகங்களைச் சொல்லித்தர எந்தப் பூ ஏற்றது? – ஒரு வாசகி

ஓரடுக்குச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும், பெரியவர்களே குழம்புவார்கள்.

காம்புப் பக்கத்திலிருந்து பிரிப்பது எளிது. முதலில் பச்சைக் கிண்ணம்போலப் புல்லி வட்டம். அடுத்து 5 இதழ்கள், அதாவது அல்லி வட்டம். நடுவே நீளும் குழலில்தான் சுவாரசியம். அதைச் சுற்றியுள்ள மகரந்தப்பைகளைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். நுனியில் தெரியும் 5 குட்டிப் பொட்டுகள் சூல்முடி. குழலை நகத்தால் கீறினால் உள்ளே நூல்போலச் சூல்தண்டு, அடியில் சூற்பை.

வீட்டுச் செம்பருத்தி காய்ப்பது அரிது. பூ காயாவதைக் காட்ட அதே குடும்பத்து வெண்டை இருக்கிறது: இதழ் உதிர்ந்த இடத்திலேயே பிஞ்சு நிற்கும். குறுக்கே நறுக்கினால் அறை அறையாக விதை. மிச்சம் பொரியலுக்கு.