எலுமிச்சை இல்லாத புளிப்பு

மளிகைக் கடையில் ‘லெமன் சால்ட்’ என்று கேட்டால், பார்வைக்குச் சர்க்கரை போலவே இருக்கும் ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துத் தருவார்கள். பாலைத் திரித்துப் பனீர் எடுக்க, ஸ்குவாஷ் போட, ஜாம் காய்ச்ச, பித்தளை துலக்க என்று பல வேலைகளுக்கு வாங்குகிறோம். அந்தப் பொட்டலத்தில் இருப்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சைத் தோப்போடு அதற்கிருந்த உறவு விட்டுப்போய் நூறு வருடம் ஆகிறது.

நம்பிக்கை: சிட்ரிக் அமிலம் எலுமிச்சையைப் பிழிந்து எடுப்பது.

ஒரு காலத்தில் அப்படித்தான். 1784-ல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலெ எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்துக் காட்டினார். 1826-ல் இங்கிலாந்தில் அது ஆலைத் தொழிலானது. மூலப்பொருள் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது. சாற்றில் அமிலம் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். ஒரு கிலோ படிகத்துக்குச் சுமார் 20 லிட்டர் சாறு வேண்டும். முதல் உலகப் போர் இந்த மூலப்பொருள் வரத்தைக் குலைத்தது.

வழி காட்டியது ஒரு பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை, சர்க்கரைக் கரைசலை ஏராளமான சிட்ரிக் அமிலமாக மாற்றும் என்று 1917-ல் ஜேம்ஸ் கர்ரி என்ற அமெரிக்கர் எழுதினார். 1919-ல் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் அதையே தொழிலாக்கியது. இன்று உலகில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் தயாராகும் சிட்ரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லாமே நொதித்தலில் வருவதுதான். பழத்தில் இருப்பதும் இதுவும் ஒரே மூலக்கூறு.

நம்பிக்கை: பூஞ்சையில் விளைந்த பொடியில் பூஞ்சையும் இருக்கும்.

வெங்காயம் உரிக்கும்போது மேல்தோலுக்கடியில் கறுப்பாகப் படிந்து விரலில் ஒட்டுமே, அந்தக் கறுப்பு பெரும்பாலும் இதே பூஞ்சையின் வித்துகள்தான். கேட்டதும் குமட்டும். ஆனால் தொட்டிக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

வயிறாரப் போட்டால் பூஞ்சை நன்றாக வளரும், அமிலம் தராது. சர்க்கரையை அள்ளிக் கொடுத்து, காற்றை ஓயாமல் செலுத்தி, உலோகச் சத்துகளில் மட்டும் பட்டினி போட வேண்டும். மாங்கனீசு லிட்டருக்கு ஒருசில மைக்ரோகிராம் இருந்தாலே விளைச்சல் குறையும். சர்க்கரைக்காகச் சேர்க்கும் கரும்புக் கழிவுப்பாகில் இரும்பும் மாங்கனீசும் அதிகம் என்பதால் பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்த்து அவற்றைப் படியவைக்கிறார்கள். கரைசலின் பி.எச். 2-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். கூடினால் குளுக்கோனிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் தலைகாட்டும்.

ஒரு வாரம் போல் ஆனதும் பூஞ்சையை வடிகட்டி நீக்குகிறார்கள். தெளிந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் சிட்ரேட் வெள்ளையாக அடியில் இறங்கும். அதைக் கழுவிக் கந்தக அமிலம் விட்டால் ஜிப்சம் ஒருபுறம் ஒதுங்க, சிட்ரிக் அமிலம் கரைசலில் நிற்கும். அதைச் சுத்திகரித்துச் சுண்டவைத்துப் படிகமாக்குகிறார்கள். இத்தனையும் தாண்டி உயிருள்ள பூஞ்சை பொட்டலம்வரை வருவதில்லை. 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், இந்த அமிலம் சிலருக்கு அழற்சி தரக்கூடுமோ என்று நான்கு பேரின் அனுபவத்தை வைத்துச் சந்தேகம் எழுப்பினார்கள். ஆராய வேண்டிய கேள்விதான். நான்கு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் பூஞ்சை வளர்க்க யாரும் கிளம்ப வேண்டாம். இந்த இனத்தில் சில வகைகள் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஆலைகள் வளர்ப்பது தேர்ந்தெடுத்துச் சோதித்த வகைகளை.

நம்பிக்கை: லேபிளில் சிட்ரிக் அமிலத்தின் எண்ணான 330 இருந்தால் புற்றுநோய்.

1976 வாக்கில் பிரான்சில் ஒரு துண்டறிக்கை பரவியது. வில்ஜுய்ஃப் ஊரின் புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாகச் சொல்லி, சிட்ரிக் அமிலத்தை ஆபத்தானவற்றின் முதல் வரிசையில் வைத்திருந்தது. அந்த மருத்துவமனை மறுத்தும் பயம் அடங்கவில்லை. நம் உடலின் செல்கள் சாப்பாட்டை ஆற்றலாக்கும் சுழற்சியில் நொடிக்கு நொடி சிட்ரிக் அமிலம் உண்டாகிறது. அந்தச் சுழற்சியைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸுக்கு 1953-ல் நோபல் பரிசு கிடைத்தது. புளிப்பு மிட்டாய் ஓயாமல் சப்பினால் பல் எனாமல் அரிக்கும் என்பது மட்டும் மெய்.

நம்பிக்கை: கழிவு சும்மா கிடைக்கிறது, அமிலமும் சும்மா கிடைக்கும்.

பூஞ்சைக்கு இரையாக ஆரஞ்சுத் தோல், ஆப்பிள் சக்கை, காபித் தோல் என்று ஆய்வகங்களில் வெற்றி கண்ட கழிவுகள் பல. ஆனால் பெரிய ஆலைகள் இன்றும் நம்பியிருப்பது மக்காச்சோள மாவுச்சத்தையும் கழிவுப்பாகையும்தான். ஈரக் கழிவைச் சுமந்துவரச் செலவாகும். நாளுக்கு நாள் அதன் சத்து மாறும். திடக்கழிவில் வளர்த்தால் குவியலின் நடுவே சூடேறும். அதைத் தணிப்பதே பெரும்பாடு.

இந்தச் சிக்கல்களில் சில குறையக்கூடிய ஒரு கழிவு சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் பிழிந்தபின் மிஞ்சும் திப்பி அது. காயவைத்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைப் பூஞ்சையே சுரந்துகொள்ளும். பிரேசிலின் குரிடிபா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மரவள்ளிச் சக்கையில் சிட்ரிக் அமிலம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம்மூரில் திப்பி பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் போகிறது. ஆலை முதலாளிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சிறிய சோதனை ஆலையாவது போட்டு, கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.