நாள் முழுக்க நிற்கிற கால்களுக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசுவது கால் வலியைப் பற்றித்தான். செக்கிங்கிலும் அயர்னிலும் இருப்பவர்களுக்கு நின்றபடியே வேலை. ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் உட்கார்ந்திருந்தாலும் பெடல் மிதிக்கிற கால் ஓய்வதில்லை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். செக்கிங்கில் நிற்கிற நான் ரிஃப்ளெக்ஸாலஜி என்கிற பாத அழுத்த முறையைக் கற்று, எனக்கும் உடன் வேலை செய்கிற அக்காமார்களுக்கும் செய்து வருகிறேன்.

அமெரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடலைத் தலை முதல் கால் வரை 10 மண்டலங்களாகப் பிரித்தார். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் அதைப் பாதத்தில் வரைபடமாக்கினார்: விரல்கள் தலைக்கு, உள்வளைவு முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புக்கு. இந்த வரைபடத்தைக் காட்டி சுகர், தைராய்டு எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஆனாலும் நான் இதை விடவில்லை. பாதத்தைப் பிடித்துவிட்ட இரவுகளில் தூக்கம் சீக்கிரம் வருகிறது. இறுகிக் கிடந்த தோள் தளர்கிறது. காலையிலிருந்து பீஸ்களையே பார்த்த கண்ணும் மனசும் கொஞ்ச நேரம் ஓய்கின்றன. அந்த ஓய்வுக்காகவே செய்யலாம்.

செய்யும் விதம் எளிது. சாப்பிட்டவுடன் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கால்களைக் கொஞ்ச நேரம் வைத்து, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் சில சொட்டு போதும். அதிகமானால் கட்டைவிரல் வழுக்கும். குதிகாலிலிருந்து விரல்நுனி வரை, கம்பளிப்புழு ஊர்வதுபோல் கட்டைவிரலை மடக்கி நீட்டி அழுத்திக்கொண்டே போங்கள். விரல்களுக்குக் கீழே இருக்கிற சதைமேட்டை அடுத்து வரும் பள்ளத்தில் நிறுத்தி, மூச்சை மெதுவாக இழுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம். வலித்தால்தான் வேலை செய்கிறது என்பது தவறு. முகம் சுளித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். தனக்குத்தானே செய்வதைவிட, இருவர் மாற்றி மாற்றிச் செய்துகொள்வது சுகம்.

எல்லோருக்கும் செய்யக் கூடாது. சுகரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடும் அழுத்தமும் தெரியாது; புண்ணாகிவிடும். காலில் காயம், சேற்றுப்புண், எலும்பு முறிவு இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டே செய்துகொள்ள வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தொடவே கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு கையில் இருக்கிறவர்கள் தயங்கவே வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரையையும் இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கிற நேரத்தில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் 44-ஆம் பிரிவிலேயே சொன்னது. இரவில் எவ்வளவு அழுத்திவிட்டாலும் பகலில் ஒரு ஸ்டூல் தருகிற ஓய்வுக்கு அது ஈடாகாது. பாதத்தைப் பிடித்துவிடுங்கள், கூடவே, டேபிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போடச் சொல்லி நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.